டபுள் பிரமோஷனும் ஒரே ஒரு பீரியடும்

"சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்று போன ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டு விருதுநகர்க்காரர் வந்து நின்றார். நாக்பூருக்கு மாற்றலாகி வந்த இந்த மூன்று வருஷத்தில் அவர் அஞ்சு நிமிஷம் கேட்டால் அது வீட்டுக்கடன் வட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் பி.பி.எஃப். ஆக இருக்கும். இந்த முறை இரண்டும் இல்லை. கையில் பையனின் ஸ்கூல் டைரி.

பையன் ஆறாம் வகுப்பு. எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தானாகவே முடித்துவிட்டு ஒன்பதாவது புத்தகத்தைப் பிரித்து வைத்திருக்கிறான். கணக்கு கிளாஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று டீச்சர் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார். "எங்க பெரியப்பா மூணாப்புல இருந்து நேரா அஞ்சாப்புக்குப் போனவரு சார். டபுள் பிரமோஷன்னு சொல்லுவாங்க. இப்பவும் அப்படிக் கேக்கலாமா?"

ரெண்டு நாள் டைம் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். நான் பி.காம். படித்தவன், எனக்குத் தெரிந்த கணக்கு பற்று வரவுதான். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கும் ஒரு பழைய பாக்கி இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். ரெண்டு நாள் ராத்திரி உட்கார்ந்து படித்ததில் தெரிந்துகொண்டதை, அவரைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளை வளர்க்கும் உங்களுக்கும் எழுதிவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு வித்தியாசம். டபுள் பிரமோஷன் என்பது பிள்ளையை முழுசாகத் தூக்கி மேல் வகுப்பில் வைப்பது. கணக்கு, இங்கிலீஷ், சோஷியல், விளையாட்டு, சிநேகிதர்கள், எல்லாமே மாறும். இன்னொரு வழி, பிள்ளை தன் வகுப்பிலேயே இருக்க, எந்தப் பாடத்தில் முன்னால் ஓடுகிறதோ அந்தப் பாடத்துக்கு மட்டும் மேல் வகுப்பில் போய் உட்காருவது. கணக்கு பீரியடுக்கு எட்டாவது, மணி அடித்ததும் திரும்ப ஆறாவது. இந்த இரண்டாவது வழி நம் பேச்சிலேயே வருவதில்லை.

டபுள் பிரமோஷன் என்றதும் பயமுறுத்த எல்லாரும் கையில் வைத்திருக்கும் கதை வில்லியம் சைடிஸ் கதை. 1898-ல் பிறந்த அமெரிக்கப் பையன். 1909-ல் பதினோரு வயதில் ஹார்வர்டில் சேர்ந்தான். 1910 ஜனவரியில் அங்கிருந்த கணிதக் குழுவினர் முன்னால் நாலு பரிமாண உருவங்களைப் பற்றிச் சொற்பொழிவே ஆற்றினான். பத்திரிகைகள் விடவில்லை. வளர்ந்த பிறகு மனிதர் வெளிச்சமே வேண்டாம் என்று ஒதுங்கி, சாதாரண குமாஸ்தா வேலைகளில் காலம் தள்ளினார். டிராம் வண்டி டிக்கெட்டுகளைச் சேகரித்து அதைப் பற்றி 1926-ல் புனைபெயரில் ஒரு புத்தகமும் எழுதினார். 1944-ல் 46 வயதில் இறந்துபோனார். (குமாஸ்தா வேலை பார்த்தால் வாழ்க்கை வீணா என்று ஒரு வங்கிக்காரனாக எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. அது வேறு கதை.)

ஆனால் அதே 1909-ல் ஹார்வர்டுக்கு இன்னொரு சின்னப் பையனும் வந்தான். நார்பர்ட் வீனர், பதினாலு வயதில் டிகிரி முடித்துவிட்டு வந்தவன். 1913-ல் டாக்டர் பட்டம் வாங்கி, பிற்காலத்தில் சைபர்நெடிக்ஸ் என்ற துறைக்கே வழி போட்டவர். அவரும் சிறுவயதில் பட்ட பாட்டைத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார், எல்லாம் சுகமாக இல்லை. ஆனாலும் ஊருக்கு ஞாபகம் இருப்பது சைடிஸ்தான். கடன் திருப்பிக் கட்டிய ஆயிரம் பேரை விட்டுவிட்டு ஓடிப்போன ஒருத்தரைப் பற்றியே பேசுவது மாதிரி.

இந்த இடத்தில் வருகிறார் ஜூலியன் ஸ்டான்லி. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர், உளவியலில் அளவீடு, புள்ளியியல் பக்கம் இருந்தவர். 1968 கோடையில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு ஆசிரியை, ஜோசப் பேட்ஸ் என்ற பன்னிரண்டு வயதுப் பையனைப் பற்றி அவரிடம் சொன்னார். வகுப்பில் பெரியவர்களுக்கே அவன் பாடம் சொல்லிக் கொடுக்கிறான் என்று. 1969-ல் ஸ்டான்லி அவனுக்குக் கல்லூரியில் சேரும் பிள்ளைகள் எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வைக் கொடுத்துப் பார்த்தார். பிரமாதமாக எழுதினான்.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஸ்டான்லி உடனே அவனைக் கல்லூரியில் தள்ளவில்லை. முதலில் பக்கத்து உயர்நிலைப் பள்ளிகளில் போய், இந்தப் பையனைக் கணக்கு, அறிவியல் மேல் வகுப்புகளில் உட்கார விடுங்கள் என்று கேட்டார். இது என்ன வேடிக்கை என்று மறுத்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல்தான் பதிமூன்று வயதில் அவன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மாணவன் ஆனான். நன்றாகவே படித்து, பதினேழு வயதில் கம்ப்யூட்டர் சயின்ஸில் முதுகலையும் முடித்தான். ஆக, ஒரு பீரியடு கேட்டதற்கு இல்லை என்று சொன்னதால்தான் முழுத் தாவல் நடந்தது. நம் பள்ளிகளில் இன்றைக்குக் கேட்டாலும் அதே பதில்தான் வரும் என்பது என் அனுமானம்.

1971-ல் ஸ்டான்லி இதை ஒரு ஆய்வுத் திட்டமாகவே தொடங்கினார். 1972 மார்ச்சில் பால்டிமோர் சுற்றுவட்டாரத்திலிருந்து பன்னிரண்டு முதல் பதினாலு வயதுப் பிள்ளைகள் சுமார் 450 பேர் வந்து எஸ்.ஏ.டி. எழுதினார்கள். ஏன் பெரியவர்கள் தேர்வு? காரணம் எளிது. ஏழாம் வகுப்புத் தேர்வில் பத்துப் பேர் நூற்றுக்கு நூறு வாங்கினால், அந்தப் பத்துப் பேரும் ஒன்றா? ஒருத்தன் ஏழாவதோடு நிற்கிறவனாக இருப்பான், இன்னொருத்தன் பத்தாவது கணக்கு போடுகிறவனாக இருப்பான். அரை அடி ஸ்கேலை வைத்து ஆள் உயரம் அளக்க முடியாது அல்லவா?

அதே 1972 கோடையில் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் மட்டும் நடக்கிற வேகக் கணக்கு வகுப்பு ஒன்றையும் ஆரம்பித்தார்கள். அதில் தாக்குப்பிடித்த பிள்ளைகள் பள்ளியில் நாலைந்து வருஷம் இழுக்கிற இயற்கணிதம், வடிவியல், திரிகோணமிதியை ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் முடித்தார்கள். மற்ற நாளெல்லாம் அவரவர் பள்ளி, அவரவர் சிநேகிதர்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்டான்லி கடைப்பிடித்த இன்னொரு முறை. முதலில் தேர்வு, பிறகு பாடம். பிள்ளைக்கு அந்தப் பாடத்தின் முழுத் தேர்வையும் முன்கூட்டியே கொடுத்துவிடுவது. தப்பான கேள்விகளை மட்டும் எடுத்து, ஏன் தப்பு என்று அவனோடு உட்கார்ந்து பார்ப்பது. அந்த இடத்தை மட்டும் சொல்லிக் கொடுத்து, மறுபடி வேறு வினாத்தாளில் தேர்வு. தேறினால்தான் அடுத்த பாடம். ராத்திரி டேலி ஆகாத கணக்கில் நாங்கள் செய்வதும் இதுதான். எல்லா வவுச்சரையும் முதலிலிருந்து எழுதமாட்டோம், இடிக்கிற இடத்தைத் தேடுவோம். தாவிப் போகிற பிள்ளைக்கு நடுவில் ஓட்டை விழுந்துவிடுமே என்ற பயத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகளை அரை நூற்றாண்டாகப் பின்தொடர்கிறார்கள், பல கட்டமாகச் சேர்ந்து ஐயாயிரம் பேருக்கு மேல். ஸ்டான்லி 2005-ல் காலமான பிறகும் கமிலா பென்போ, டேவிட் லுபின்ஸ்கி இருவரும் தொடர்ந்தார்கள். ஒரு வகுப்பைத் தாண்டியவர்களையும், அதே திறமை இருந்தும் தாண்டாதவர்களையும் ஒப்பிட்டதில், தாண்டியவர்கள் டாக்டர் பட்டமோ காப்புரிமையோ பெறும் வாய்ப்பு 60 சதவீதம் அதிகமாக இருந்தது. 2021-ல் வந்த அவர்களின் ஆய்வு, வேகமாகப் போனவர்கள் ஐம்பது வயதில் மனதளவில் பாதிக்கப்பட்டவர்களாக இல்லை என்றும் சொல்கிறது. இது நூற்றில் ஒரு பிள்ளையைப் பற்றிய கணக்கு, அதுவும் அமெரிக்கக் கணக்கு. நம் வீட்டுப் பிள்ளை எல்லாம் அந்த ஒன்று என்று நினைத்துக்கொள்வதுதான் நம் வியாதி.

சரி, ஒரு பாடத்தில் மட்டும் மேலே போவது எப்படி இருக்கும் என்பதற்கு டெரன்ஸ் தாவ் கதை இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் 1975-ல் பிறந்தவர். மூன்றரை வயதில் பள்ளியில் சேர்த்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை, சில வாரங்களில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வயதில் மறுபடி சேர்த்தபோது, அவருக்குப் பாடத்துக்கு ஒரு வகுப்பு என்று பிரித்துக்கொடுத்தார்கள். ஏழு வயதில் ஆரம்பப் பள்ளியில் இருந்துகொண்டே கணக்குக்கு மட்டும் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கேயும் கணக்கில் பெரிய பையன்களோடு, ஆங்கிலம் மாதிரிப் பாடங்களில் கீழ் வகுப்பில். எட்டு வயதில் எஸ்.ஏ.டி. கணக்கில் 800-க்கு 760. சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் 1986-ல் பத்து வயதில் வெண்கலம், அடுத்த வருஷம் வெள்ளி, அதற்கடுத்த வருஷம் தங்கம்.

அப்பா நினைத்திருந்தால் உலகத்திலேயே சின்ன வயதுப் பட்டதாரி என்று பேப்பரில் போட்டோ வந்திருக்கும். அந்த வேடிக்கை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டார். பையன் ஃப்ளிண்டர்ஸ் பல்கலைக்கழகத்தில் முதலில் பகுதி நேரமாகவே படித்தான். பட்டம் வாங்கியது பதினாறு வயதில்தான். 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம். அவரே பிரின்ஸ்டனில் சரியாகத் தயாரிக்காமல் போய் வாய்மொழித் தேர்வில் கிட்டத்தட்ட கோட்டைவிட்ட கதையை மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு அவர் மேல் இன்னும் மரியாதை வந்தது.

இப்போது கும்பகோணம். 1904-ல் டவுன் ஹைஸ்கூலில் கணக்குக்குப் பரிசு வாங்கி, ஸ்காலர்ஷிப்போடு அரசுக் கல்லூரியில் சேர்ந்தார் ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு எதையும் தொடவில்லை, ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை, ஸ்காலர்ஷிப் போயிற்று. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. எல்லாப் பாடத்திலும் தேறினால்தான் தேர்ச்சி என்பது விதி. கணக்கில் அவர் எங்கே நிற்கிறார் என்று எழுத அந்த விதியில் ஒரு கட்டம் கிடையாது. 1912-ல் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913-ல் அதே சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. ஒரு பாடத்தைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியும் என்று ஒத்துக்கொள்ள எட்டொன்பது வருஷம் ஆகியிருக்கிறது. இத்தனைக்கும் எங்கள் வங்கிப் பரீட்சையில் கூட ஒரு பேப்பர் பாஸானால் அது வரவில் நிற்கும், மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

சுதந்திரத்துக்குப் பிறகு நாம் திறமையைத் தேடாமல் இல்லை. 1963-ல் தேசிய அறிவியல் திறனறித் தேர்வு வந்தது. 1989 முதல் கணித ஒலிம்பியாடுக்கு அணி அனுப்புகிறோம். 2020 கல்விக் கொள்கையிலும் திறமைமிக்க பிள்ளைகளைப் பற்றி நல்ல வார்த்தைகள் உண்டு. ஆனால் தேர்ந்தெடுப்போம், பணமோ மெடலோ கொடுப்போம், திங்கட்கிழமை காலையில் அதே பெஞ்சில் அதே பாடத்துக்கு உட்காரவைப்போம். ஏழாவது பையனை ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன் கோச்சிங்கில் போடுவதை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே ஐம்பது பேரும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், அது வேறு சரக்கு.

பழைய பாக்கி என்று சொன்னேன் அல்லவா? முன்பு புவனேஸ்வரில் இருந்தபோது என் பெண் ஐந்தாம் வகுப்பு. ஆகஸ்ட் மாதமே கணக்குப் புத்தகத்தை முடித்துவிட்டாள். அவளுடைய கணக்கு டீச்சர் தானாகக் கூப்பிட்டு, "ஏழாம் வகுப்புக் கணக்கு பீரியடுக்கு அனுப்பட்டுமா, ஹெட்மிஸ்ட்ரஸிடம் நான் பேசிக்கொள்கிறேன்" என்றார். வேண்டாம் என்று சொன்னது நான். அடுத்த ட்ரான்ஸ்ஃபரில் புதுப் பள்ளியில் இதை யாரிடம் விளக்குவது, ரெக்கார்டில் சிக்கல் வந்தால் என்ன செய்வது என்ற பயம். பைலில் இல்லாத எதையும் நம்பாத புத்தி. எட்டாவது வந்தபோது "கணக்கு போர்ப்பா" என்றாள். இப்போது ப்ளஸ் டூவில் காமர்ஸ், சந்தோஷமாகத்தான் படிக்கிறாள். நான்தான் அவ்வப்போது அந்த டீச்சர் முகத்தை நினைத்துக்கொள்கிறேன்.

செவ்வாய் ராத்திரி விருதுநகர்க்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். டபுள் பிரமோஷனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கணக்கு பீரியடு மட்டும் கேளுங்கள். கேட்கும் முன்னால் ஏழாவது, எட்டாவது முழுஆண்டு வினாத்தாளை அவனுக்குக் கொடுத்து, எங்கே தப்புகிறான் என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பையனிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், பெரிய பசங்களோடு உட்கார அவனுக்குச் சம்மதமா என்று. "அவன்கிட்டயா?" என்று ஒரு கணம் யோசித்துவிட்டு, சரி என்றார்.

நேற்று மறுபடி வந்தார். பையன் சரி என்றானாம், ஆனால் விளையாட்டுப் பீரியடு மட்டும் அவன் கிளாஸோடுதான் என்று கண்டிஷன் போட்டிருக்கிறான். எட்டாவது வினாத்தாளில் வடிவியலில் ஆறு கேள்வி தப்பு. ஆறாவது, எட்டாவது இரண்டு வகுப்பு டைம்டேபிளையும் வாங்கி வந்திருந்தார். சாப்பாட்டு மேஜையில் விரித்துவைத்துப் பார்த்தோம். செவ்வாயும் வியாழனும் கணக்கு பீரியடு இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வருகிறது, மற்ற நாளில் இடிக்கிறது. ரெண்டு நாள் கிடைத்தாலும் போதும் என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை பிரின்சிபாலைப் பார்க்க என்னையும் கூட வரச்சொல்லியிருக்கிறார். அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.