படிப்பை விட்டுப் படைக்குப் போனவர்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் 'ஃபிரெட்டர்னிட்டி' என்று ஒன்று உண்டு. ஆல்ஃபா, ஒமேகா, சிக்மா என்று கிரேக்க எழுத்துக்களைப் பெயராக வைத்துக் கொண்டிருக்கும் மாணவர் சங்கங்கள் இவை. ஹாலிவுட் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டவுடன் பீர் பாட்டிலும் இரவு நேரக் கூத்தும்தான் நினைவுக்கு வரும். அது முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது! ஆனால் இந்தச் சங்கங்களில் சிலவற்றுக்கு வேறு ஒரு வரலாறு இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் தொடங்கிய சங்கங்களின் வரலாறு அது.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1905ல் கறுப்பின மாணவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். தங்க இடம் கிடைக்காது, சேர்ந்து படிக்க ஆள் கிடைக்காது. முந்தைய ஆண்டு படித்தவர்கள் திரும்பி வரவே இல்லை. மிஞ்சியவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கத் தொடங்கிய வட்டம்தான் 1906 டிசம்பர் 4ம் தேதி 'ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா' ஆனது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1911 நவம்பர் 17ல், வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மூன்று மாணவர்களும் எர்னஸ்ட் ஜஸ்ட் என்ற உயிரியல் பேராசிரியரும் சேர்ந்து 'ஒமேகா சை ஃபை' சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆண்மை, கல்வி, விடாமுயற்சி, சமூக மேம்பாடு என்று நான்கு சொற்களைக் கொள்கையாக வைத்துக் கொண்டார்கள். இருபது வயதுப் பையன்கள் எழுதி வைக்கும் கொள்கைகளுக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். ஆறே ஆண்டுகளில் அதற்குச் சோதனை வந்தது.

1917 ஏப்ரல் 6ம் தேதி அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. படித்த இளைஞர்களை ராணுவ அதிகாரிகளாக ஆக்க நாடு முழுவதும் பயிற்சி முகாம்கள் திறக்கப்பட்டன. ஆனால் அந்த முகாம்களில் கறுப்பினத்தவருக்கு இடம் இல்லை. சிப்பாயாகப் போகலாம், மூட்டை தூக்கலாம், பள்ளம் தோண்டலாம், ஆனால் அதிகாரியாக மட்டும் முடியாது.

தனி முகாம் கேட்கலாம் என்று யோசனை சொன்னவர் ஜோயல் ஸ்பிங்கார்ன். அவர் ஒரு வெள்ளையர், கறுப்பின மக்களின் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யின் தலைவர். இதற்குப் பல கறுப்பினப் பத்திரிகைகள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தன. பிரித்து வைப்பதை எதிர்த்துத்தானே இத்தனை ஆண்டு போராட்டம், இப்போது நாமே போய்ப் பிரித்து வையுங்கள் என்று கேட்பதா? நியாயமான கேள்வி. ஆனால் மாணவர்கள் முன் இருந்த வழிகள் இரண்டுதான். ஒன்று தனி முகாம். இன்னொன்று, எந்த முகாமும் இல்லாமல் கட்டாய ஆள்சேர்ப்பில் சாதாரண சிப்பாயாகப் போவது. இரண்டும் கசப்புதான். அவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். இதைச் சமரசம் என்று இன்றும் குறை சொல்பவர்கள் உண்டு. அந்த இடத்தில் நின்று பார்க்காமல் சொல்வது சுலபம்.

ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர் குழு ஒன்று அமைந்தது. கல்லூரிப் படிப்புள்ள இருநூறு பேர் கிடைத்தால் பார்க்கலாம் என்பது ராணுவத்தின் பதில். கிடைக்க மாட்டார்கள் என்ற நினைப்பு போலும். மாணவர்கள் கல்லூரி கல்லூரியாக ஆள் அனுப்பி, சில நாட்களிலேயே 1,500 பெயர்களைத் திரட்டிவிட்டார்கள்! அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களையும் நேரில் போய்ப் பார்த்து ஆதரவு கேட்டார்கள். மே மாதத்தில் அனுமதி வந்தது. அயோவா மாநிலத்தில் ஃபோர்ட் டெ மாய்ன் என்ற கோட்டையில் ஜூன் மாதம் முகாம் திறந்தது. சுமார் 1,250 பேர் வந்து சேர்ந்தார்கள். அதில் 250 பேர் ஏற்கனவே ராணுவத்தில் இருந்தவர்கள். மற்றவர்களில் ஆசிரியர்கள், வழக்கறிஞர்கள், மாணவர்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஒமேகா சங்கம் அந்த முகாமிலேயே ஒரு போர்க்காலக் கிளையைத் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஃபிராங்க் கோல்மன் ராணுவ அதிகாரியாகவும், எட்கர் லவ் ராணுவப் பாதிரியாராகவும் பணியாற்றினார்கள்.

மூன்று மாதத்தில் முடிய வேண்டிய பயிற்சி, காரணம் சொல்லாமல் ஒரு மாதம் நீட்டிக்கப்பட்டது. பட்டமே தரப் போவதில்லை என்று பலர் மனம் உடைந்து கிளம்பிவிட்டார்கள். இருந்தவர்களில் 639 பேர் 1917 அக்டோபர் 15ம் தேதி அதிகாரிகள் ஆனார்கள். 106 கேப்டன்கள், 329 முதல் நிலை லெஃப்டினண்டுகள், 204 இரண்டாம் நிலை லெஃப்டினண்டுகள். கேப்டனுக்கு மேல் ஒருவரும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

மேலே போகக்கூடிய ஒருவர் இருந்தார். சார்லஸ் யங், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற மூன்றாவது கறுப்பினத்தவர், ஒமேகா சங்கத்தின் கௌரவ உறுப்பினர். போர் நடந்தால் அவர் ஜெனரல் ஆகிவிடுவார், வெள்ளை அதிகாரிகள் அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டி வரும். உடனே ரத்த அழுத்தம் என்று மருத்துவச் சான்று எழுதி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். தன் உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று காட்ட, 1918 ஜூனில் அந்த 54 வயது மனிதர் ஒஹையோவில் இருந்த தன் வீட்டிலிருந்து வாஷிங்டன் வரை சுமார் 800 கிலோமீட்டர் குதிரையில் போனார். பதினாறு நாள் பயணம். மறுபடி பணிக்கு எடுத்துக் கொண்டார்கள், போர் முடிய ஐந்து நாள் இருக்கும்போது!

ஃபோர்ட் டெ மாய்ன் அதிகாரிகளில் பலர் 92வது டிவிஷனில் சேர்க்கப்பட்டு ஃபிரான்ஸ் போனார்கள். 1918 செப்டம்பர் கடைசியில் ஆர்கான் காட்டுப் போரில் அந்த டிவிஷனின் 368வது படைப்பிரிவு இறக்கப்பட்டது. முள்கம்பி வெட்டும் கருவி கூடப் போதுமான அளவு இல்லை, வரைபடம் இல்லை, பீரங்கித் துணையும் இல்லை. ஒரு பட்டாலியன் சிதறிப் பின்வாங்கியது. இன்னொரு பட்டாலியன் பினார்வில் கிராமத்தைப் பிடித்தது. பிடித்ததை மறந்துவிட்டுப் பின்வாங்கியதை மட்டும் பிடித்துக் கொண்டார்கள். ஐந்து கறுப்பின அதிகாரிகள் மீது ராணுவ விசாரணை நடந்து, நான்கு பேருக்கு மரண தண்டனை, ஒருவருக்கு ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. பிறகு நடந்த விசாரணையில் அவர்கள் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் பெயர் கெட்டது கெட்டதுதான். கறுப்பினத்தவர் தலைமைக்குத் தகுதியற்றவர்கள் என்று 1925ல் ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கையே எழுதியது. அதே போரில் ஃபிரெஞ்சுப் படைகளோடு சேர்ந்து போரிட்ட கறுப்பினப் படைப்பிரிவுகளுக்கு ஃபிரெஞ்சு அரசு வீரப்பதக்கம் கொடுத்தது அந்த அறிக்கை எழுதியவர்களின் கண்ணில் படவில்லை.

அந்த 639 பேரில் ஒருவர் சார்லஸ் ஹேமில்டன் ஹூஸ்டன். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் படித்தவர், ஆல்ஃபா சங்கத்துக்காரர். கறுப்பினத்தவருக்கு பீரங்கிப் படை ஒத்து வராது என்று சொன்னதால், காலாட்படைப் பதவியை விட்டுவிட்டு, ஒரு படி கீழே இறங்கி, பீரங்கிப் படையில் இரண்டாம் நிலை லெஃப்டினண்ட் ஆனார். முகாமில் இருந்தபோது சிப்பாய்கள் மீதான வழக்குகளை விசாரிக்கும் வேலை வந்தது. குற்றம் செய்யாதவர்கள் தண்டிக்கப்படுவதை அங்கே நேரில் பார்த்தார். ஃபிரான்ஸில் வான் என்ற ஊரில், ஓர் இரவு, அவரையும் நண்பர்களையும் அமெரிக்க வெள்ளைச் சிப்பாய்கள் கூட்டமாகச் சூழ்ந்து கொண்டார்கள். அடித்தே கொன்றிருப்பார்கள், ராணுவப் போலீஸ் வந்ததால் தப்பினார். எதிரி ஜெர்மானியர்களால் அல்ல, சொந்த நாட்டுச் சீருடை போட்டவர்களால்! உயிரோடு திரும்பினால் சட்டம் படிப்பது என்று அங்கேதான் முடிவு செய்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

1919ல் ஊர் திரும்பினார். அந்தக் கோடையில் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இனக் கலவரம். ஹூஸ்டனின் சொந்த ஊரான வாஷிங்டனும் தப்பவில்லை. சீருடையோடு இருந்த கறுப்பின வீரர்களும் தாக்கப்பட்டார்கள். அந்த ஆண்டே ஹார்வர்டில் சட்டம் படிக்கச் சேர்ந்தார். ஹார்வர்டு சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1929ல் ஹோவர்டு சட்டக் கல்லூரியின் பொறுப்பு அவரிடம் வந்தது. மாலை நேரக் கல்லூரியாக இருந்ததை முழுநேரக் கல்லூரியாக மாற்றி, 1931க்குள் முறையான அங்கீகாரமும் வாங்கிவிட்டார். மாணவர்களைக் கசக்கிப் பிழிந்தார் என்றே சொல்கிறார்கள். ராணுவ முகாமில் கற்றது வீண் போகவில்லை போலிருக்கிறது. அப்படிப் பிழியப்பட்டவர்களில் 1933ல் முதல் மாணவராகத் தேறியவர் தர்குட் மார்ஷல், அவரும் ஆல்ஃபா சங்கம்தான்.

இருவரும் சேர்ந்து மேரிலாண்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரிக் கதவை டொனால்ட் முர்ரே என்ற மாணவருக்காக நீதிமன்றம் மூலம் திறந்தார்கள். 1938ல் மிசௌரி வழக்கில் ஹூஸ்டன் உச்ச நீதிமன்றத்தில் வென்றார். தனித்தனிப் பள்ளிகள் சட்ட விரோதம் என்ற பெரிய தீர்ப்பு 1954 மே 17ல் வந்தது, மார்ஷல் வாதாடிய வழக்கு அது. ஹூஸ்டன் அதைப் பார்க்கவில்லை. 1950 ஏப்ரலில், 54 வயதில், இதய நோயால் இறந்துவிட்டார்.

இவர்களுக்கான மரியாதை மெதுவாகத்தான் வந்தது. ஹோவர்டு சட்டக் கல்லூரியின் முக்கியக் கட்டடத்துக்கு 1958ல் ஹூஸ்டன் பெயர் வைக்கப்பட்டது. ஃபோர்ட் டெ மாய்ன் 1974ல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது. சார்லஸ் யங் வீட்டை 2013ல் அதிபர் ஒபாமா தேசிய நினைவிடமாக அறிவித்தார். அவருக்கு பிரிகேடியர் ஜெனரல் பதவி 2022 ஏப்ரலில், வெஸ்ட் பாயிண்ட்டில் நடந்த விழாவில், கொடுக்கப்பட்டது. அதற்குள் அவர் இறந்து நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன.

அதே ஃபோர்ட் டெ மாய்னில்தான் 1942ல் பெண்கள் படைப்பிரிவின் முதல் அதிகாரிகளும் பயிற்சி பெற்றார்கள். அப்போதும் கறுப்பினப் பெண்களுக்குத் தனி வரிசை, தனிச் சாப்பாட்டு மேஜை. அந்த வரிசையில் இருந்த சேரிட்டி ஆடம்ஸ் பிறகு ஐரோப்பாவில் 6888வது தபால் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கினார். வர்ஜீனியாவில், அடிமைமுறைக்காகப் போரிட்ட தரப்பின் தளபதி ராபர்ட் லீ பெயரில் இருந்த ராணுவத் தளத்துக்கு 2023ல் ஆடம்ஸ் பெயரையும், கறுப்பினத் தளபதி ஆர்தர் கிரெக் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். 2025ல் அந்தப் பெயர் மறுபடி 'ஃபோர்ட் லீ' ஆனது. இந்த முறை அது ராபர்ட் லீ அல்ல, 1898 ஸ்பானியப் போரில் வீரப்பதக்கம் பெற்ற ஃபிட்ஸ் லீ என்ற கறுப்பினச் சிப்பாய் என்று ராணுவம் அறிவித்திருக்கிறது.