மூணாறின் ஒன்பது நாட்கள்

தருமபுரியிலிருந்து ஓசூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போகும் பெண்களின் மகள்கள் என் வகுப்பில் படிக்கிறார்கள். தொழிற்சங்க வரலாறு என்றதும் அவர்கள் சொல்லும் பெயர்கள் ஆண்களுடையவை. 2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை அவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களை டாடா டீ 2005இல் புதிய கம்பெனியிடம் ஒப்படைத்தபோது தொழிலாளர்களும் பங்குதாரர்கள் ஆனார்கள். காகிதத்தில் அவர்களும் முதலாளிகள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள்கூலியோ பத்து ஆண்டு கழித்தும் 232 ரூபாய்தான். இவர்களில் பெரும்பாலோர் தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறிய தலித் குடும்பங்களின் பெண்கள். அந்த ஆண்டு கம்பெனி போனஸை 19 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தது.

தோட்டத்தில் சங்கங்கள் இல்லாமல் இல்லை. ஏஐடியுசி, சிஐடியு, ஐஎன்டியுசி மூன்றும் இருந்தன. சந்தா கட்டியவர்களில் பெரும்பகுதி பெண்கள், பேசப்போனவர்கள் ஆண்கள். வேறு வேறு சங்கத்தில் இருந்த பெண்களை இணைக்கத் தனி அலுவலகம் தேவைப்படவில்லை. ஒரே மலைச்சரிவில் கொழுந்து கிள்ளுகிறார்கள், ஒரே இடத்தில் எடை போடக் காத்திருக்கிறார்கள், லயத்தில் ஒரே சுவரைப் பகிர்கிறார்கள். கூலி பற்றிய பேச்சு அங்கே அன்றாடம் நடந்தது. அதற்குக் கூட்டம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆயிரக்கணக்கான பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். ஆண்களை ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். சமாதானம் பேச வந்த சங்கத் தலைவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். தங்களைப் ‘பெம்பிளை ஒருமை’ என்று அழைத்துக்கொண்டார்கள். லிஸி, கோமதி, ராஜேஸ்வரி என்ற பெயர்கள் செய்தித்தாள்களில் வந்தன. ஒன்பதாம் நாள், செப்டம்பர் 13 அன்று, முதல்வர் உம்மன் சாண்டி நடத்திய பேச்சுவார்த்தையில் 20 சதவீதம் கிடைத்தது: 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை. உரிமையாகக் கேட்டதில் பாதிக்கு மேல் கருணை என்ற பெயரில் வந்ததையும் கவனிக்க வேண்டும்.

அடுத்த கோரிக்கை 500 ரூபாய் நாள்கூலி. அதைத் தீர்மானிக்கும் இடம் தோட்டத் தொழிலாளர் குழு. அங்கே அரசுக்கும் முதலாளிகளுக்கும் பழைய சங்கங்களுக்கும் நாற்காலி உண்டு. பெம்பிளை ஒருமைக்கு இல்லை. அக்டோபரில் கூலி 301 ரூபாய் என்று முடிவானது. நவம்பரில் கோமதி உள்ளாட்சித் தேர்தலில் வென்றார். ஆனால் தலைவர்களுக்குள் பிளவு வந்தது, கட்சிகள் ஆளுக்கொருவரை இழுத்தன. 2017இல் அமைச்சர் எம்.எம்.மணி இந்தப் பெண்களின் போராட்டத்தைக் கொச்சைப்படுத்திப் பேசினார். அவர்கள் மறுபடியும் மூணாறில் சாலைக்கு வந்தார்கள்.

போராட்டம் தோற்றது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆதரவைத் திரட்டும் வேலையை அந்தப் பெண்கள் செய்து முடித்திருந்தார்கள். கையெழுத்துப் போடும் மேசைதான் அவர்களுக்கு எட்டவில்லை. மில்லிலோ பனியன் கம்பெனியிலோ நாளை ஒன்றுசேரப்போகும் என் மாணவிகள் முதல் நாளிலேயே கேட்க வேண்டிய கேள்வி இது: ஒப்பந்தத்தில் நம் சார்பில் கையெழுத்திடப் போவது யார்?