உப்பும் அபினும்: 1815 உடன்படிக்கை முதல் போதைப்பொருள் தடுப்பு உதவி வரை

தன் எல்லைக்கு வெளியே விளையும் பொருளைக் கட்டுப்படுத்த அரசொன்று இன்னோர் அரசுக்குப் பணம் தருவது, போதைப்பொருள் ஒழிப்புக்கென இருபதாம் நூற்றாண்டு கண்ட வழி என்றே கருதப்படுகிறது. அதன் மூத்த வடிவம் புதுச்சேரி வரலாற்றில் உள்ளது. இரண்டையும் ஒப்பிட்டு, பணம் யாரைச் சென்றடைந்தது என்பதே விளைவைத் தீர்மானித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

ஏகபோகத்தின் விலை

வங்காள அபின் கொள்முதலை 1773இல் ஆங்கிலேயக் கம்பெனி தன் ஏகபோகமாக்கியது. 1814ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை பிரான்சின் இந்தியப் பகுதிகளை அதற்குத் திருப்பித் தந்தபோது, இந்த அபின் வருவாய்க்கும் கம்பெனியின் உப்பு வருவாய்க்கும் ஆபத்து எழுந்தது. உழவர்கரை, வில்லியனூர், பாகூர் வட்டாரப் பிரெஞ்சு ஊர்கள் தென்னார்க்காட்டின் ஆங்கிலேய ஊர்களோடு பின்னிக் கிடந்தன. வரப்பைத் தாண்டினால் வேறு அரசு. அப்படிப்பட்ட எல்லை முழுவதும் காவல் வைப்பதைவிட உரிமையை விலைக்கு வாங்குவது எளிது.

1815 மார்ச் 7 அன்று லண்டனில் கையெழுத்தான உடன்படிக்கை அதையே செய்தது. பிரெஞ்சுப் பகுதி உப்பை வாங்கும் தனியுரிமைக்காக ஆண்டுக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. அபின் ஏலங்களில் ஆண்டுக்கு 300 பெட்டிகள் வரை சராசரி ஏல விலைக்குப் பிரான்சுக்கு ஒதுக்கப்பட்டன. 1818இல் உப்பு உற்பத்தியே நிறுத்தப்பட்டு, உப்பள உரிமையாளர்களுக்கு ஆண்டுக்கு 4,000 நட்சத்திர வராகன் இழப்பீடு வகுக்கப்பட்டது. 4 லட்சமோ ‘இந்திய வாடகை’ என்ற பெயரில் பிரெஞ்சு அரசின் வரவுசெலவில் வருவாயாக ஏறியது. மக்கள் நலம் இரு தரப்புக்கும் நோக்கமாக இல்லை, வருவாயே நோக்கம்.

தடை, இழப்பீடு, சந்தை

1909இல் ஷாங்காயில் கூடிய ஆணையமும் 1912ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையும் அபினைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குரிய பொருளாக்கின. நோக்கம் மாறியது, வழி மாறவில்லை. 1971இல் அபின் தரும் கசகசாச் சாகுபடியை நிறுத்த முன்வந்த துருக்கிக்கு அமெரிக்கா 3.5 கோடி டாலர் தர உறுதியளித்தது. உழவர்களின் எதிர்ப்பு வலுத்து, 1974இல் துருக்கி தடையை நீக்கியது. அதன்பின் ஐ.நா. உதவியோடு, காயைக் கீறிப் பால் எடுக்காமல் உலர்ந்த காயாகவே அரசு கொள்முதல் செய்யும் முறை வந்தது. உழவரின் பயிர் நிலைத்தது. கள்ளச்சந்தைக்குக் கசிவதும் பெருமளவு நின்றது.

1981இல் அமெரிக்கா, மருந்துக்கான அபின்வழி மூலப்பொருளில் குறைந்தது 80 விழுக்காட்டை இந்தியா, துருக்கி இரண்டிடமிருந்தும் வாங்க விதி செய்தது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமம் பெற்றுப் பயிரிடும் உழவருக்கு இது முறையான சந்தையை உறுதிசெய்தது. மாறாக, கொக்கைனின் மூலப்பயிரான கோக்காவை ஒழிக்க 2000இல் தொடங்கிய கொலம்பியத் திட்டத்தில் அமெரிக்கப் பணத்தின் பெரும்பகுதி படைக்கும் காவலுக்கும் போனது. விமானத்திலிருந்து களைக்கொல்லி தெளிப்பதைக் கொலம்பியா 2015இல் நிறுத்தியது. கோக்கா சாகுபடி அழியவில்லை.

முடிவு

பணத்தைக் கொண்டு ஓர் அரசின் இசைவை வாங்கிவிடலாம்; விளைவிப்பவரின் இசைவு அவ்வளவு எளிதில் கிடைக்காது. துருக்கியில் முதல் முயற்சி தோற்றதும் அடுத்தது வென்றதும் இதனால்தான். ஆகவே ஓர் உதவித் திட்டத்தை அழித்த ஏக்கர் கணக்கால் மட்டும் மதிப்பிடக் கூடாது. அடுத்த பருவத்தில் அந்த உழவர் எதை விதைப்பார், அதை யார் வாங்குவார் என்பதற்கு அத்திட்டம் விடை வைத்திருக்க வேண்டும்.