வாக்குப் பெட்டியும் வதந்தியும்

நேயர்களே, கப்பல்துறை என்று பெயரைச் சொன்னதும் கப்பல்கள் வரிசையாக நிற்கும் இடமென்று எண்ணிவிடுவீர்கள். அப்படியல்ல. திருகோணமலையிலிருந்து கண்டி வீதிப் பக்கமாக, சீனன்குடாவுக்கு எட்டிய தூரத்தில் உள்ள ஒரு கிராமம் அது. 1977 ஆம் ஆண்டின் தேர்தல் காலத்தை நான் அங்கேதான் கழித்தேன். ஒரு தேர்தல், வாக்கு எண்ணி முடிந்த பின்னரும் முடியாமல் போவதை அப்போதுதான் கண்டேன்.

யூலை 21 ஆம் திகதி வாக்களிப்பு. 1976 இல் வட்டுக்கோட்டையில் எடுத்த தனிநாட்டுத் தீர்மானத்துக்குத் தமிழர் விடுதலைக் கூட்டணி மக்களாணை கேட்டு நின்றது. தெற்கிலோ ஐக்கிய தேசியக் கட்சியின் அலை. 168 ஆசனங்களில் 140 அக்கட்சிக்குக் கிடைத்தன. கூட்டணிக்கு 18. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு வெறும் 8. திருகோணமலையில் இரா. சம்பந்தன் முதன்முறையாகத் தெரிவானார். அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

ஒரே முடிவை இரண்டு பக்கமும் இரண்டு விதமாக வாசித்தார்கள். எங்களவர்கள் அதை உரிமைக் குரலென்று கொண்டாடினார்கள். தெற்கில் பலருக்கு, நாடு பிளவுபடப் போவதற்கான அறிவிப்பாக அது கேட்டது. இதற்கிடையில் தெற்கில் வென்ற கட்சியின் ஆதரவாளர்கள் தோற்ற கட்சிக்காரரின் வீடுகளைத் தாக்கினார்கள். அடித்தவரும் சிங்களவர், அடிபட்டவரும் சிங்களவர். அடித்தால் கேட்க ஆளில்லை என்ற பாடம் முதலில் அங்கேதான் படிக்கப்பட்டது.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நடந்த களியாட்ட விழாவொன்றில் பொலிஸாருக்கும் பொதுமக்களுக்கும் மோதல் மூண்டது. துப்பாக்கிச் சூடும் நடந்தது, பழைய சந்தையும் எரிந்தது. ஆனால் தெற்கே போன கதை வேறு. யாழ்ப்பாணத்தில் சிங்களவர் கொல்லப்படுகிறார்கள், நாகவிகாரைக்கு ஆபத்து என்று அது உருமாறியது. விகாரை பற்றிப் பொலிஸ் வானொலித் தொடர்பில் போன தகவலொன்று பொய்யானதென்பது பிற்பாடு சன்சோனி ஆணைக்குழுவின் முன் வெளிப்பட்டது. தெருவில் போகும் வதந்தியை நம்பாதவன்கூட பொலிஸ் சொன்னால் நம்புவானல்லவா? நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலையகத் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்ட பலர் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

நேயர்களே, அந்நாளில் நாட்டில் தொலைக்காட்சி இல்லை. எங்கள் பக்கத்தில் நாலைந்து வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தால் பெரிய காரியம். வானொலி சொல்லாததை பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஒருநாள் மாலை, சீனன்குடாப் பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள் கத்தி பொல்லுகளோடு கூடி நிற்பதாகச் செய்தி வந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் காட்டுப் பக்கம் அனுப்பும் ஏற்பாடு நடந்தது. துறைமுகத்தில் வேலை செய்த என் பெரியப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: “ஆர் கண்டது?” ஒருவரும் கண்டதில்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தன்னோடு வேலை செய்த சிங்கள நண்பரின் வீட்டுக்குப் போனார். அங்கே விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் விழித்திருந்தார்களாம். “அண்ணே, உங்க ஆக்கள் வாறது எண்டு சொன்னாங்க. ரெண்டு ராவா நாங்க தூங்க இல்ல” என்றாராம் அந்த மனிதர். பெரியப்பா திரும்பி வந்து சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டினார்கள்.

பெரியப்பாவின் வயதுக்காரருக்கு இது புதிதல்ல. 1956 தேர்தல் ‘சிங்களம் மட்டும்’ என்ற கோஷத்தில் வெல்லப்பட்டது. 1957 ஒக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறியபோது வேலையிழந்த திருகோணமலைத் தமிழ்த் தொழிலாளரைப் பதவியாவில் குடியேற்ற எண்ணியதே அங்கே எதிர்ப்பைக் கிளப்பியது. 1958 மே மாதக் கலவரத்தின்போது பிரதமர் பண்டாரநாயக்க வானொலியில் பேசினார். மட்டக்களப்பில் நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்ன கொல்லப்பட்டது உள்ளிட்ட சம்பவங்களே ஏனைய இடங்களின் வன்முறைக்குக் காரணமென்ற கருத்து அந்தப் பேச்சில் இருந்தது. ஆனால் பொலநறுவையில் வன்முறை அக்கொலைக்கு முன்னரே தொடங்கிவிட்டது. முன்னது பின்னதானது, பின்னது முன்னதானது. கொலை மெய். வரிசைதான் பொய்.

எங்கள் பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. “போர் என்றால் போர், சமாதானம் என்றால் சமாதானம்” என்று ஜே. ஆர். ஜயவர்த்தன 1977 ஓகஸ்ட் 18 ஆம் திகதி தேசிய அரசுப் பேரவையில் பேசியதாக நாம் சொல்லி வருகிறோம். அந்தச் சொற்கள் அவர் வாயிலிருந்து வந்தவைதாம். ஆனால், இதை நான் சொல்லவில்லை, மக்கள் சொல்கிறார்கள் என்று அவர் சேர்த்துச் சொன்ன பகுதி நம் நினைவில் தங்கவில்லை. ஊர் எரியும் வேளையில் ஒரு பிரதமர் அப்படிப் பேசியது சரியா என்பது வேறு கேள்வி. அதை முழு வாக்கியத்தையும் வைத்துக்கொண்டே கேட்கலாம். அப்போதும் கேள்வியின் கூர்மை குறையாது.

காலம் மாறிவிட்டது என்பீர்கள். 2018 பெப்ரவரி 10 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்துச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கைத்தொலைபேசிகளில் கதை பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. 1977 இல் பஸ்ஸில் வந்த கதை 2018 இல் கையிலேயே வந்தது, அவ்வளவுதான்.

பொய் எங்கிருந்தோ வந்து ஊரைப் பிடிப்பதில்லை. மாதக் கணக்கில் மேடைகளில் ‘அவர்கள்’, ‘நாங்கள்’ என்று கேட்டுப் பழகிய காதில்தான் அது இலகுவாக நுழைகிறது. அயலவனிடம் போய் விசாரிக்கும் பாதையைத் தேர்தல் மேடை முதலில் அடைத்துவிடுகிறது. சன்சோனி ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவர 1980 ஆயிற்று. பொய் ஒரு பகலில் செய்ததை அவிழ்க்க மூன்று ஆண்டுகள். அடுத்த தேர்தல் வரும்போது அறிக்கைக்குக் காத்திராமல், கதை கொண்டு வருபவரிடம் அன்றைக்கே கேளுங்கள், நேயர்களே: ஆர் கண்டது?