மூணு செகண்ட் மூளை: குவார்ட்டர்பேக்கின் புத்தியை எப்படி அளக்கிறது?

இன்னிக்கு எபிசோட் அமெரிக்கன் ஃபுட்பால் பத்தி. நம்ம ஊர் கால்பந்து இல்லை. ஹெல்மெட் போட்டுக்கிட்டு, ரெண்டு முனையும் கூரான பந்தைக் கையில் தூக்கிக்கிட்டு ஓடுவாங்களே, அந்த ஆட்டம். ஆட்டமே தெரியாதுன்னாலும் பரவாயில்லை, கொஞ்சம் விதி தெரிஞ்சா போதும். ஒரு அணிக்குக் களத்தில் 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு 4 வாய்ப்பு. அந்த நாலுக்குள் 10 யார்டு முன்னேறணும். முன்னேறிட்டா மறுபடி 4 வாய்ப்பு. இல்லைன்னா பந்து எதிரணிக்குப் போயிடும்.

ஒவ்வொரு வாய்ப்பும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் தருவார், அதை வாங்குபவர் குவார்ட்டர்பேக். வாங்கின நொடியிலிருந்து அவருக்குக் கிடைப்பது ஏறக்குறைய மூணு செகண்ட். அதற்குள் யாருக்கு எறியணும், எறியணுமா வேண்டாமா என்று முடிவெடுக்கணும். 120 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வந்துக்கிட்டு இருப்பாங்க. தூரத்தில் நிற்கும் தடுப்பாளர்களோ ஒரு திட்டத்தைக் காட்டிவிட்டு வேறொரு திட்டத்தில் ஆடுவாங்க.

அந்த மூணு செகண்ட் மூளையை எப்படி அளக்கிறது? அமெரிக்காவில் எழுபது வருஷத்துக்கும் மேலா இந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கிட்டு இருக்காங்க. அந்தப் பதில்களைப் பார்த்தா, அளக்கப்பட்டவங்களை விட அளந்தவங்களைப் பத்தித்தான் அதிகம் தெரியுது.

ஒரு ஆட்டத்துக்கு 6 டாலர்

1955-இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி ஒன்பதாவது சுற்றில் ஜானி யுனைட்டஸ் என்ற இளைஞரைத் தேர்ந்தெடுத்தது. சீசன் தொடங்குவதற்கு முன்பே வெளியே அனுப்பியும் விட்டது. பயிற்சி ஆட்டங்களில்கூட அவரை இறக்கவில்லை. ஒரு அணியை நடத்தும் அளவுக்கு இவருக்குப் புத்தி போதாது என்று கோச் நினைத்ததுதான் காரணம் என்கிறார்கள். யுனைட்டஸ் கட்டட வேலைக்குப் போனார். வார இறுதியில் ஒரு உள்ளூர் அணிக்காக, ஆட்டத்துக்கு 6 டாலர் சம்பளத்தில் ஆடினார். 1956-இல் பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது.

இப்போ 1958 டிசம்பர் 28-க்கு வாங்க. நியூயார்க், யாங்கீ ஸ்டேடியம், சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். ரெண்டு நிமிஷம்கூட மீதி இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸ் 17, கோல்ட்ஸ் 14. பந்து கோல்ட்ஸின் சொந்த 14 யார்டு கோட்டில் இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட முழு மைதானத்தையும் கடக்கணும். யுனைட்டஸ் அடுத்தடுத்து மூன்று பாஸ்களை ரேமண்ட் பெர்ரி என்ற ஒரே ஆளுக்கு எறிந்தார். மொத்தம் 62 யார்டு. பிறகு பந்தை உதைத்துக் கோல் போட, 17-17.

சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்று முதல் முறையாக ஓவர்டைமுக்குப் போனது. இங்கேதான் மூளை வேலை செய்கிறது. பெர்ரியைத் தடுக்கணும் என்ற கவலையில் ஜயன்ட்ஸின் நடுத் தடுப்பாளர் சாம் ஹஃப் தன் இடத்தை விட்டுப் பின்வாங்க ஆரம்பித்திருந்தார். யுனைட்டஸ் அதைக் கவனித்தார். ஹஃப் காலி செய்த நடுப்பகுதி வழியாகவே ஆலன் அமீச்சியை ஓட விட்டார், 23 யார்டு. கோல் கோட்டுக்குப் பக்கத்தில் போனதும், பாதுகாப்பாக ஓடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஜிம் மட்ஷெல்லருக்குப் பாஸ் எறிந்தார். பந்து 1 யார்டு கோட்டுக்கு வந்தது. அடுத்த முறை அமீச்சி உள்ளே புகுந்தார். 23-17.

அந்தப் பாஸை எதிரணி பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு கேட்டார்கள். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் அப்படியெல்லாம் பறிபோகாது என்ற பொருளில் பதில் சொன்னார் யுனைட்டஸ். புத்தி போதாதுன்னு அனுப்பப்பட்டவர்தான் இவர்.

ஒன்றை மறந்துடாதீங்க. அன்று அடுத்து என்ன ஆடணும் என்று தீர்மானித்தவர் யுனைட்டஸே. கோச் இல்லை.

ஹெல்மெட்டுக்குள் ஒரு ரேடியோ

அந்த அதிகாரம் ஏற்கெனவே கைமாற ஆரம்பித்திருந்தது. கிளீவ்லண்ட் பிரவுன்ஸ் கோச் பால் பிரவுன், ஒவ்வொரு வாய்ப்புக்கும் ஒரு ஆட்டக்காரரைத் தூதராக உள்ளே அனுப்பி, அடுத்த ஆட்டம் இதுதான் என்று குவார்ட்டர்பேக்குக்குச் சொல்லுவார். 1956-இல் ஒரு படி மேலே போய் ஜார்ஜ் ராட்டர்மேன் ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்தார். லீக் அதை அதே வருஷம் தடை செய்தது. ஆனால் சிந்தனை நிற்கவில்லை. 1994-இல் ரேடியோ அதிகாரப்பூர்வமாகவே திரும்பி வந்தது. இன்று கோச்சின் குரல் குவார்ட்டர்பேக்கின் காதில் கேட்கும். ஆட்டம் தொடங்க 15 செகண்ட் மிச்சம் இருக்கும்போது இணைப்பு தானாகத் துண்டிக்கப்படும்.

எங்க பாஷையில் சொல்லணும்னா, இங்கே கம்பைல் டைம் ஒன்று, ரன் டைம் ஒன்று. எந்த ஆட்டம் ஆடணும் என்பது முதல் பாதி. அது பெரும்பாலும் கோச் கைக்குப் போயாச்சு. பந்து கைக்கு வந்த பிறகு நடப்பது ரெண்டாவது பாதி. அதை எந்த ரேடியோவாலும் எடுத்துக்க முடியலை.

அந்தக் கடைசி 15 செகண்டை முழுசா பயன்படுத்தியவர் பெய்டன் மேனிங். கோட்டில் நின்று எதிரணி நிற்கும் விதத்தைப் பார்ப்பார், கை நீட்டுவார், கத்துவார், திட்டத்தையே மாற்றுவார். 'ஒமாஹா' என்று அவர் கத்துவது ரசிகர்களுக்குப் பழகிப்போன சத்தம். கழுத்தில் பல அறுவை சிகிச்சைகள் நடந்ததால் 2011 சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. எறியும் கையில் பழைய வலு இல்லை. ஆனால் 2013-இல், 37 வயதில், 55 டச்டவுன் பாஸ், 5,477 யார்டு. ரெண்டுமே ஒரு சீசனுக்கான சாதனை. கை குறைந்ததை எது ஈடு கட்டியது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கால் சொல்லும் கடிகாரம்

அப்போ இது பிறவி மூளையா? சான் பிரான்சிஸ்கோ 49-ers கோச் பில் வால்ஷ் அப்படி நினைக்கவில்லை. அவருடைய திட்டங்களில் பந்தை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வரிசை இருக்கும். முதலில் இவரைப் பார், மூடியிருந்தால் அடுத்தவர், அவரும் இல்லையென்றால் மூன்றாமவர். குவார்ட்டர்பேக் பின்னால் எடுத்து வைக்கும் அடிகள்தான் கடிகாரம். மூணு அடின்னா சீக்கிரப் பாஸ், அஞ்சு அடின்னா கொஞ்சம் தாமதம். கால் நிற்கும்போது கண் சரியான ஆளிடம் இருக்கணும்.

அந்தப் பள்ளியில் உருவானவர் ஜோ மோன்டானா. 1979 தேர்வில் அவர் 82-ஆவது ஆள். அவருக்கு முன்னால் 81 பேரை அணிகள் எடுத்திருந்தன. 1982 ஜனவரி 10, டாலஸ் கவ்பாய்ஸுக்கு எதிராக, 6 யார்டு தூரத்தில், ஒரு நிமிஷம்கூட இல்லாத நேரம். முதல் ஆளாகப் பந்து வாங்க வேண்டிய ஃப்ரெடி சாலமன் தடுக்கி விழுந்தார். மூணு பேர் துரத்த, பக்கவாட்டில் ஓடிக்கொண்டே மோன்டானா அடுத்த ஆளுக்கு உயரமாக எறிந்தார். டுவைட் கிளார்க் எம்பிப் பிடித்தார். 28-27. பார்க்கிறவங்களுக்கு அது அதிசயம். ஆனால் முதல் ஆள் இல்லையென்றால் அடுத்தவர் எங்கே இருப்பார் என்பது ஏற்கெனவே பயிற்சி செய்யப்பட்ட விஷயம்.

இதுக்கு ஒரு நல்ல துணைச் சான்று செஸ்ஸில் இருக்கு. 1973-இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் இருவரும் ஒரு ஆய்வு செய்தார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த பலகையைச் சில செகண்ட் காட்டினால், பெரிய ஆட்டக்காரர் காய்களை அப்படியே நினைவிலிருந்து அடுக்குவார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்தால் அந்த மேன்மை பெரும்பாலும் காணாமல் போனது. அதாவது பொதுவான ஞாபக சக்தி இல்லை. திரும்பத் திரும்பப் பார்த்துப் பழகிய வடிவங்கள்.

12 நிமிஷம், 50 கேள்வி

நம்மில் பலர் கேம்பஸ் பிளேஸ்மென்ட்டுக்கு ஆப்டிட்யூட் டெஸ்ட் எழுதியிருக்கோம். ரயில் பாலத்தைக் கடக்க எத்தனை விநாடி, மூணு பேர் சேர்ந்தால் வேலை எத்தனை நாளில் முடியும். நானும் எழுதித்தான் உள்ளே வந்தேன். இத்தனை வருஷத்தில் என் வேலையில் அந்த ரயில் ஒரு தடவைகூட வரலை.

ஃபுட்பாலிலும் அதே கதைதான். வொண்டர்லிக் என்று ஒரு தேர்வு. 12 நிமிஷத்தில் 50 கேள்வி. முதலில் வேலைக்கு ஆள் எடுக்க உருவானது. டாலஸ் கோச் டாம் லாண்ட்ரி 1970-களில் இதை ஃபுட்பாலுக்குக் கொண்டுவந்தார். 1958-இல் யுனைட்டஸிடம் தோற்ற ஜயன்ட்ஸின் தடுப்பாட்டத்தைத் திட்டமிட்டவரும் இதே லாண்ட்ரிதான்.

மதிப்பெண்கள் ரகசியம் என்பார்கள், ஆனால் பத்திரிகைகளுக்குக் கசியும். அப்படி வெளிவந்ததில் டான் மரீனோவின் மதிப்பெண் 16-ஐ ஒட்டியது. ஆனால் அவர் 1984-இல், தன் இரண்டாவது சீசனிலேயே, 5,084 யார்டும் 48 டச்டவுனும் எறிந்தார். அதுவரை யாரும் ஒரு சீசனில் 5,000 யார்டைத் தொட்டதில்லை. ஹார்வர்டில் படித்த ரயன் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் மதிப்பெண் 48 என்று செய்தி வந்தது. அவர் 17 சீசன் நீடித்த நல்ல ஆட்டக்காரர், ஆனால் ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஆடக் கிடைக்கவில்லை. 2022-இல் லீக் வொண்டர்லிக்கைத் தன் தேர்வு முகாமிலிருந்து நீக்கியது.

உடனே வேறொன்று அந்த இடத்துக்கு வந்தது. கண்ணும் மூளையும் எவ்வளவு வேகமாக வேலை செய்கின்றன என்று கணினியில் பார்க்கும் எஸ்-2 தேர்வு. 2023-இல் சி.ஜே. ஸ்ட்ரவுட் இதில் மிகக் குறைவாக வாங்கினார் என்று செய்தி கசிந்தது. நான் தேர்வு எழுதுகிறவன் இல்லை, ஃபுட்பால் ஆடுகிறவன் என்றார் அவர். அந்த சீசனில் ஹூஸ்டனுக்காக 4,108 யார்டு எறிந்தார். எதிரணி பிடித்த பாஸ்கள் வெறும் 5. அந்த வருஷத்தின் சிறந்த புதுமுக அட்டாக் ஆட்டக்காரர் விருது அவருக்குத்தான்.

'யோசிக்கிற இடங்கள்'

ஒரு டெஸ்ட் தப்பான விஷயத்தை அளந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் இந்த அளவுகோலுக்குப் பின்னால் ஒரு இனவெறியும் இருந்தது. அணியில் சில இடங்களை யோசிக்கிற இடங்கள் என்று வகைப்படுத்தி, அவை கறுப்பினத்தவருக்குச் சரிப்படாது என்று பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதில் முதலாவது குவார்ட்டர்பேக்.

1968-இல் டென்வர் பிராங்கோஸுக்காக மார்லின் பிரிஸ்கோ குவார்ட்டர்பேக்காக ஆடினார். நவீன காலத்தில் அந்த இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர். 14 டச்டவுன் எறிந்தார். அடுத்த வருஷம் அந்த இடத்துக்குப் போட்டியிடவே வாய்ப்பு தரவில்லை. அவர் பஃபலோவுக்குப் போய், பந்தை எறிவதை விட்டுவிட்டுப் பிடிப்பவராக மாறினார். ஒரு தோல்வியும் இல்லாத 1972 மயாமி அணியிலும் இருந்தார். திறமை போதாதவர் என்றால் இன்னொரு இடத்தை அவ்வளவு சீக்கிரம் கற்றிருக்க முடியுமா?

வாரன் மூன் கல்லூரியில் ரோஸ் போல் ஆட்டத்தையே வென்றவர். வேறு இடத்துக்கு மாறிக்கொள் என்ற பேச்சுதான் அவருக்கும் கிடைத்தது. 1978-இல் கனடாவின் எட்மன்டன் அணிக்குப் போனார். அங்கே தொடர்ந்து 5 கோப்பை. 1984-இல்தான் அமெரிக்க லீக்குக்கு வந்தார். 2006-இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்த முதல் கறுப்பின குவார்ட்டர்பேக் ஆனார்.

1988 ஜனவரி 31, சூப்பர் போல். வாஷிங்டனுக்காக டக் வில்லியம்ஸ். டென்வர் 10-0 முன்னிலை, இவருக்கோ முழங்காலில் அடி. இரண்டாவது கால் பகுதி. திட்டப்படி ரிக்கி சாண்டர்ஸ் குட்டித் தூரம் ஓடி நிற்கணும். ஆனால் தடுப்பாளர் நெருங்கி வந்து நிற்பதை எறிகிறவரும் பிடிக்கிறவரும் ஒரே நேரத்தில் படித்தார்கள். குட்டி ஓட்டம் நீண்ட ஓட்டமானது. 80 யார்டு டச்டவுன். அந்த ஒரே கால் பகுதியில் 18 ஆட்டத்தில் 35 புள்ளி. முடிவு 42-10, சிறந்த ஆட்டக்காரர் விருது வில்லியம்ஸுக்கு.

இதெல்லாம் பழைய கதைன்னு நினைக்காதீங்க. தலையில் பட்ட அடிகளால் மறதி நோய் வந்த முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு லீக் நஷ்டஈடு தருகிறது. அதற்கான மூளைச் சோதனையில் 'ரேஸ் நார்மிங்' என்று ஒரு கணக்கு இருந்தது. கறுப்பின ஆட்டக்காரரின் அறிவுத்திறன் ஆரம்பத்திலேயே குறைவாக இருந்திருக்கும் என்று அந்தக் கணக்கு வைத்துக்கொள்ளும். அதனால் மூளை பாதிக்கப்பட்டது என்று நிரூபிப்பது அவருக்குக் கடினமாகும், பணம் கிடைக்காமல் போகலாம். ரெண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020-இல் வழக்கு போட்டார்கள். 2021-இல்தான் லீக் இதை நிறுத்துவதாக அறிவித்தது. பிரிஸ்கோவை ஒதுக்கிய அதே நம்பிக்கை, ஐம்பது வருஷம் கழித்து ஒரு ஃபார்முலாவுக்குள் உட்கார்ந்திருந்தது. ஃபார்முலா எழுதுகிற வேலையில் இருக்கிற நாம இதைக் கவனிக்கணும். முன்முடிவு கோடுக்குள்ள போயிட்டா அது வெறும் எண் மாதிரித்தான் தெரியும்.

2023 பிப்ரவரி 12 சூப்பர் போலில் முதல் முறையாக ரெண்டு பக்கமும் கறுப்பின குவார்ட்டர்பேக்குகள், பாட்ரிக் மஹோம்ஸும் ஜேலன் ஹர்ட்ஸும். 38-35, கான்சஸ் சிட்டிக்கு வெற்றி. ஆட்டத்தைத் தேடிப் பாருங்க. பந்து கைக்கு வந்ததும் மனசுக்குள் மூணு எண்ணுங்க. எறிகிறவரின் கண் எங்கிருந்து எங்கே போகுதுன்னு மட்டும் கவனிங்க. ஸ்கோர் புரியலைன்னாலும் அந்த யோசனை புரியும்.