பாயை இறக்கிய எஞ்சின்

கொங்கணக் கரையின் சிறு மீன்பிடிப் படகுகளில் பாயின் வேலையை டீசல் எஞ்சின் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் 1950களிலும் 60களிலும். தொடக்கத்தில் வெளிநாட்டு எஞ்சின்கள் இறக்குமதியாயின. பிறகு உள்நாட்டுத் தயாரிப்புகள் வந்தன. அவற்றில் ஒரு பகுதி, கடலுக்கும் தனக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையே நிற்கும் புனேயில் உருவானது. புனேயை ஒட்டிய கட்கியில் 1946இல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸும், சிஞ்ச்வடில் இயங்கிய ரஸ்டன் அண்டு ஹார்ன்ஸ்பியும் இந்த வரலாற்றில் இடம்பெறும் பெயர்கள். கிர்லோஸ்கரின் முதன்மையான வாடிக்கையாளர் கிணற்றுப் பாசன விவசாயி. பம்புசெட்டுக்கென வார்த்த எஞ்சின் கனமாக இருக்கும், மெதுவாகச் சுழலும், உள்ளூர் மெக்கானிக் பிரித்து மாட்டிவிடலாம். மீனவருக்கும் வேண்டியிருந்தவை ஏறக்குறைய இதே குணங்கள்தான். ஆனால் படகில் ஏற்றுவதற்கு முன் உப்புநீரைத் தாங்கும் குளிர்விப்பு முறையும், முன்னும் பின்னும் ஓட்ட கியர்பெட்டியும், விசிறியின் உந்துதலை வாங்கிக்கொள்ளும் தாங்கியும் தேவைப்பட்டன.

எஞ்சின் கிடைப்பது பாதி வேலை. அதை ஏற்கும் படகு இருக்கிறதா என்பதே ஒவ்வொரு கரையின் போக்கையும் தீர்மானித்தது.

அந்த வகையில் கொங்கணக் கரையின் கோலி மீனவர்கள் ஓட்டிய மச்சுவா வாய்ப்புள்ள படகு. ஆழமான ஏரா (அடிமரம்), நெருக்கமான வங்குக்கால்கள் (விலாச் சட்டங்கள்), முன்னோக்கி நீண்டு சாய்ந்த அணியம் (படகின் முன்முகம்), முன்பக்கம் சாய்ந்து நிற்கும் பாய்மரம், அதில் நீளமான பருமலில் (பாய் கட்டும் கழியில்) தொங்கும் பெரிய பாய் என்பது அதன் அமைப்பு. மும்பைக்கு வடக்கே சாத்பாட்டியின் படகுகள் வாவல் மீனுக்குச் செவுள் வலை விரித்தன. வர்சோவா போன்ற ஊர்களில் ஓதநீரின் ஓட்டத்தில் பைபோலக் கட்டிவைக்கும் டோல் வலைதான் தொழில். பொம்பில் மீன் அதில் விழும். வலை போட்ட இடத்துக்குப் போய், மீனை அள்ளிக்கொண்டு, கெடுவதற்குள் சந்தைக்குத் திரும்ப வேண்டும். காற்று விழுந்தால் பாய்ப்படகு நடுக்கடலில் நின்றுவிடும், மீன் பாழாகும். எஞ்சினை இந்த மீனவர்கள் விரைந்து ஏற்றதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. அரசுக் கடனும் கூட்டுறவுச் சங்கங்களும் துணை நின்றன.

மாற்றியமைக்கும் வேலை தச்சனுடையது. வங்குக்கால்களின் மேல் நீளவாக்கில் இரு கனத்த கட்டைகளைப் பொருத்தி எஞ்சினுக்குப் படுக்கை செய்தான். பின்மரத்தைத் துளைத்து, இரும்புத் தண்டு வெளியேறக் குழாய் செருகினான். விசிறி சுழல இடம்விட்டுச் சுக்கானைத் தள்ளி மாட்டினான். எஞ்சினின் அதிர்வில் பலகை இணைப்புகளில் அடைத்த கலப்பத்து தளர்ந்து நீர் கசியும். ஆகவே உட்கட்டுமானத்தையே தடிப்பாக்க வேண்டியிருந்தது. அதைவிடத் தொல்லை தந்தது படகின் பின்புறம். பாய்க்காக ஒடுக்கிச் செதுக்கிய பின்புறத்துக்கு மிதப்பு குறைவு. எஞ்சினின் பாரமும் விசிறியின் இழுப்பும் சேர்ந்தால் அது நீரில் அமுங்கும், அணியம் வானம் பார்க்கும். புதிய படகுகளின் பின்புறம் அகன்றதற்குக் காரணம் இது. பாய்மரம் உடனே மறையவில்லை. எஞ்சின் மக்கர் செய்யும் நாளுக்காகச் சிறிய பாயோடு சில காலம் நின்றது.

கேரளத்திலும் தமிழகத்திலும் கதை வேறு. ஐ.நா., இந்தியா, நார்வே மூன்றும் 1952இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, அடுத்த ஆண்டு கொல்லத்தை அடுத்த நீண்டகரையிலும் சக்திகுளங்கரையிலும் நார்வே திட்டம் தொடங்கியது. குடைந்த வள்ளத்துக்குள் எஞ்சினை வைப்பது சரிப்படவில்லை. புதிய படகு வடிவங்களே தேவைப்பட்டன. உணவு வேளாண்மை அமைப்பின் படகுப் பொறியாளர்களும் இந்தியாவில் அவ்வாறே சிறு விசைப்படகுகளை வரைந்து தந்தனர். பால் ஸீனர் அவர்களுள் ஒருவர். 1957இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தது. ஏற்றுமதி இறாலுக்கு விலை கிடைத்ததும் அந்தப் படகுகள் இழுவலை கட்டின. சிறு மீனவருக்காகப் பிறந்த படகே அவருக்குப் போட்டியானது.

சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தில் எஞ்சினுக்கு உள்ளே இடமே கிடையாது. உள் என்று ஒன்று அதற்கு இல்லை. செதுக்கிய மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறக்குவார்கள். கரை திரும்பியதும் அவிழ்த்து உலர்த்துவார்கள். கயிற்றால் பிணைத்ததால்தான் உடையும் அலையிலும் அது உடைவதில்லை. விடியலில் கரைக்காற்றில் போய், பிற்பகலில் கொண்டல் காற்று தள்ளத் திரும்பும் அதற்கு ஒரு முக்கோணப் பாயும், பக்கவாட்டில் நழுவாமல் இருக்க நீரில் செங்குத்தாக இறக்கும் பலகையும் போதும். எஞ்சின் வேண்டுமென்றால் கட்டுமரத்தைக் கைவிட வேண்டும், இல்லையேல் எஞ்சினை வெளியே தொங்கவிட வேண்டும். இரண்டும் நடந்தன.

1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, சுவீடன் நிதியுடன் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், துறைமுகமில்லாத கரைகளுக்கென ஒரு படகை உருவாக்கியது. அதன் சிறப்பு, எஞ்சினும் தண்டும் சேர்ந்து சாயும் அமைப்பு. மணலை நெருங்கும்போது விசிறியை மேலே தூக்கிவிடலாம். ஏறத்தாழ அதே காலத்தில் குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜியரான பியர் ஜில்லே, கட்டுமரத்தின் போக்கை விடாமல் பிளைவுட் படகுகள் செய்தார். பெரிய மரம் கிடைப்பது அரிதாகிவந்த காலத்தில் அது பொருத்தமான தீர்வு. 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு அந்தப் படகுகளைப் பரப்பியது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளிப்பொருத்து மோட்டார்களும் அதே பத்தாண்டில் கேரளத்திலும் குமரியிலும் பரவின.

2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளில் பெரும்பாலானவை பைபர். தமிழகத்தின் பல கடற்கரைகளில் இப்போது காண்பது, நீண்ட தண்டின் நுனியில் விசிறி வைத்த டீசல் எஞ்சின் பூட்டிய பைபர் படகு. இந்த எஞ்சினைப் படகுக்குள் பொருத்த வேண்டாம்; பின்விளிம்பில் ஒரு முளையில் மாட்டினால் போதும். தண்டைத் திருப்பினால் அதுவே சுக்கான், கைப்பிடியை அழுத்தினால் விசிறி மேலெழும். வங்காள விரிகுடாத் திட்டம் நுணுக்கமாகத் தேடிய தீர்வை இது எளிமையாகத் தந்துவிட்டது. விலை வேறு பக்கம் விழுந்தது: காற்றில் ஓடிய தொழில் எண்ணெய்க் கணக்கில் ஓடத் தொடங்கியது. தமிழக அரசு விற்பனை வரி விலக்குடன் டீசலும் மானிய விலையில் மண்ணெண்ணெயும் தருவது அந்தக் கணக்கைச் சமாளிக்கத்தான்.