பனிக்கட்டிக் கிடங்கு அறநிலையமான வரலாறு

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதி ஊர்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் மாலையில் கூடித் தமிழ் பயிலவும், ஏழை மாணவர் சிலர் தங்கிப் படிக்கவும் ஓர் இல்லம் வேண்டும் என்று நம் சங்கத்தில் நெடுநாளாகப் பேசி வருகிறோம். நம்மவருள் ஒரு பகுதியினர் பிழைப்பை நாடி இங்கு வந்தவர்கள். மற்றொரு பகுதியினர் எங்கிருந்தும் வந்தவரல்லர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடும் கல்குளமும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சென்னை மாநிலத்தோடு இணைய, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைதான் வந்து சேர்ந்தது.

கடைத்தெருவில் பூட்டிக் கிடக்கும் பழைய கொப்பரைக் கிடங்கைச் செப்பனிட்டு இல்லமாக்கலாம் என்று உறுப்பினர் பலர் கருதுகின்றனர். “சரக்குப் போட்ட இடத்தில் பிள்ளைகளைப் போடுவதா?” என்று சிலர் வினவினர். நியாயமான வினாவே. விடை தேடியபோது சென்னைக் கடற்கரையில் நிற்கும் ‘ஐஸ் ஹவுஸ்’ நம் நினைவுக்கு வந்தது.

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் பிரெடரிக் டியூடர் என்றொரு வணிகர் இருந்தார். குளிர்காலத்தில் உறையும் ஏரி குளங்களிலிருந்து பனிக்கட்டியை அறுத்தெடுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி வெப்ப நாடுகளுக்கு விற்றவர் அவர். 1833ஆம் ஆண்டில் அவருடைய முதற்கப்பல் நான்கு மாதம் கடலோடிக் கல்கத்தாவை அடைந்தது. ஏற்றியது ஏறத்தாழ 180 டன். இறங்கியது 100 டன் அளவே. இன்று எந்தச் சரக்கு அலுவலகத்திலும் இத்துணைக் குறைவுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் பறக்கும்! அவருக்கோ அதுவே பெருவெற்றியாயிற்று. சென்னையில் 1842ஆம் ஆண்டளவில் அவர் எழுப்பிய கிடங்கே நாம் கூறும் கட்டடம். பின்னர் இந்நாட்டிலேயே எந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கவே அவ்வாணிகம் அழிந்தது.

அதனை விலைக்கு வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், வட்டமான தாழ்வாரங்களும் சன்னல்களும் அமைத்துக் குடியிருப்பாக மாற்றினார். பனிக்கட்டிக்குக் காற்றும் வெயிலும் பகை. மனிதருக்கோ அவையின்றி வாழ்வில்லை. ஆகவே அவர் முதலில் சுவரைத் திறந்தது மிகவும் பொருத்தமே. ‘காசில் கெர்னன்’ என்று அதற்குப் பெயரிட்டார்.

1892 டிசம்பரில் திருவனந்தபுரத்தினின்று குமரிமுனைக்குச் சென்ற விவேகானந்தர், மேலைநாடு சென்று மீண்டு, 1897 பிப்ரவரியில் ஒன்பது நாள் இம்மாளிகையில் தங்கினார். அடுத்த மாதமே இராமகிருஷ்ணானந்தர் வந்து சேர, தென்னாட்டின் முதல் இராமகிருஷ்ண மடம் இங்கே தொடங்கிற்று.

இனி வருவதை அன்பர்கள் ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். மடம் அங்கு இருந்தது உரிமையாளரின் அன்பினால், பத்திரத்தினால் அன்று. பிலிகிரி ஐயங்கார் 1902இல் காலமானார். 1906இல் மாளிகை ஏலத்திற்கு வந்து வேறு கைக்கு மாறியது. மடம் 1907இல் மயிலாப்பூரில் சொந்த இடத்திற்குச் சென்றது. ஏறத்தாழப் பத்தாண்டு வழிபாடும் வகுப்பும் நடந்த இடத்தை ஒரு நாளைய ஏலம் பறித்துவிட்டது.

1917இல் அரசாங்கம் மாளிகையை வாங்கிற்று. அதன்பின் வந்ததே, நம் கருத்தில், இக்கட்டடம் பெற்ற பெரும்பேறு. இளம் வயதிலேயே கணவனை இழந்து, 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, தம்மைப்போல் வாழ்விழந்த பெண்களைச் சேர்த்துக் கல்வி புகட்டி வந்தார். அவருடைய விதவையர் இல்லம் இங்குக் குடிபுகுந்தது. வீட்டின் பின்கட்டிலே, பிறர் கண்ணிற் படாமல் இருக்கவேண்டும் என்று விதிக்கப்பட்ட சிறுமியர், கடலை நோக்கிய வீட்டில் புத்தகமும் கையுமாக இருந்தனர். அவர்களுட் பலர் ஆசிரியைகளாயினர். 1963இல், விவேகானந்தர் நூற்றாண்டின்போது, மாளிகை ‘விவேகானந்தர் இல்லம்’ எனப் பெயர் பெற்றது; 1997இல் அரசு அதனை இராமகிருஷ்ண மடத்திற்கே குத்தகைக்குக் கொடுத்தது. ஏலத்தில் போனது திரும்பி வரத் தொண்ணூறு ஆண்டு சென்றது.

சரக்குக் கணக்கு எழுதியே காலங்கழிக்கும் நமக்கு, கிடங்கு என்றால் இழிவு தோன்றுவதில்லை. கொப்பரைக் கிடங்கின் கூரை மரம் உறுதியாக உள்ளது. ஓடு பாதியேனும் மாற்றவேண்டும். தெருப்பக்கம் தவிர எங்கும் சன்னல் இல்லை. கீழைச் சுவரில் நான்கும் மேலைச் சுவரில் இரண்டும் திறக்கலாம் என்று கொத்தனார் சொல்கிறார். எண்ணெய்ச் சிக்கு வாடை போகச் சுண்ணாம்பு இருமுறை பூசவேண்டுமாம். ஆனால் கொத்தனாரை அழைக்குமுன் ஆகவேண்டியது ஒன்றுண்டு. கிடங்கு மூன்று உடன்பிறந்தாரின் பங்கில் உள்ளது. இருவர் சங்கத்தின் பெயருக்குப் பதிவு செய்து தர இசைந்துள்ளனர். மூன்றாமவர் மும்பையில் இருக்கிறார், “நீங்கள் தாராளமாக இருந்துகொள்ளுங்கள், பத்திரம் எதற்கு?” என்று அன்போடு எழுதியுள்ளார். பத்திரம் வேண்டும் என்று மறுமொழி எழுதியிருக்கிறோம்.